டோக்கியோவின் மேடும் பள்ளமும்

ஒரு பெருநகரின் பழமையை அறிய விரும்புவோர் முதலில் அதன் கட்டடங்களைத் தேடிச் செல்வது வழக்கம். டில்லியைக் காணச் செல்பவர் குதுப் மினாரிலும் செங்கோட்டையிலும் அந்நகரம் கண்ட காலங்களை ஒருவாறு படித்துவிடலாம். டோக்கியோ மாநகரில் இவ்வழி பயன்படாது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானின் ஆட்சிபீடமாக விளங்கிவரும் அந்நகரில், கோட்டையின் நடுக்கோபுரம் 1657-ஆம் ஆண்டு எரிந்தது; பிறகு அது எழுப்பப்படவே இல்லை. அசாகுசாவிலுள்ள புகழ்பெற்ற கன்னோன் கோயிலின் பெருமண்டபம் 1958-இல் காங்கிரீட்டால் கட்டப்பட்டது. நூறாண்டு கடந்த வீடு ஒன்றைக் காண வேண்டுமாயின் தெருத்தெருவாகத் தேடவேண்டும். தீயும் நிலநடுக்கமும் போரும் பழையவற்றைப் பலமுறை துடைத்துச் சென்றுவிட்டன.

எனினும், அந்நகரில் அழியாத பழமை ஒன்று உண்டு. அது கட்டடமன்று, நிலம். நிலத்தின் மேடும் பள்ளமுமே அந்நகரின் மிகப் பழைய ஏடு. மேட்டில் இடம் பெற்றவர் யார், பள்ளத்தில் இடம் பெற்றவர் யார் என்று கேட்டுக்கொண்டு நடப்பவருக்கு, ஒன்றுக்கொன்று மாறுபட்ட அந்நகரின் பேட்டைகள் தம் வரலாற்றைத் தாமே எடுத்துரைக்கும்.

டோக்கியோவின் மேற்கே முசாஷினோ என்னும் பீடபூமி பரந்து கிடக்கிறது. அது கிழக்கு நோக்கி வந்து, விரித்த கையின் விரல்களைப்போலப் பிரிந்து, திடீரென்று சரிந்து முடிகிறது. சரிவின் உயரம் ஏறத்தாழ இருபது மீட்டர். சரிவுக்குக் கீழே சுமிதா ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம், கடல் வரையில் தட்டையாகக் கிடக்கிறது. விரல்களைப் போன்ற மேடுகளின்மீது உவேனோ, ஹோங்கோ, கொய்ஷிகாவா, அசாபு முதலிய பகுதிகள் அமைந்துள்ளன. கீழே வண்டல் நிலத்தில் கான்டா, நிஹோன்பாஷி, அசாகுசா ஆகியவையும், ஆற்றுக்கு அப்பால் ஹோன்ஜோ, புகாகாவா ஆகியவையும் அமைந்துள்ளன. மேட்டுப் பகுதியை ஜப்பானியர் யாமானோதே என்பர். 'மலைப்பக்கம்' என்பது அதன் பொருள். தாழ்ந்த பகுதியை ஷிதாமாச்சி என்பர். 'கீழ்ப்பட்டணம்' என்று அதனைத் தமிழாக்கலாம். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று புகார் நகரம் இரு கூறாக இருந்ததை அறிந்த நமக்கு இத்தகைய பிரிவு புதிதன்று. ஆனால் டோக்கியோவில் இப்பிரிவைத் திட்டமிட்டு வகுத்தவர் ஒரு மன்னர்நிகர் தளபதி.

அவரே தொக்குகாவா இயேயாசு. அவர் 1590-ஆம் ஆண்டில் இங்கு வந்தபோது, இவ்வூரின் பெயர் எடோ. ஓதா தோக்கான் என்னும் வீரர் 1457-இல் கட்டிய சிறு கோட்டையும், அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலமும், ஒரு மீனவர் குடியிருப்புமே அப்போது இருந்தன. 1603-இல் இயேயாசு ஷோகன் என்னும் பட்டம் பெற்று நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டார். மேடும் பள்ளமும் கூடும் விளிம்பிலே தம் கோட்டையை விரிவாக்கினார். கான்டா குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு ஹிபியா என்ற கடற்கழியை மேடாக்கினார். இன்று அலுவலகங்கள் அடர்ந்து நிற்கும் கோட்டையின் கீழ்ப்புறம் இவ்வாறு கடலிலிருந்து பெறப்பட்டதாகும்.

பின்னர் நிலம் பங்கிடப்பட்டது. நாடெங்கும் இருந்த டைம்யோ என்னும் சிற்றரசர்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் தங்கவேண்டும் என்றும், அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது மனைவி மக்களை எடோவிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்றும் 1635-இல் சட்டம் செய்யப்பட்டது. சிற்றரசர் கலகம் செய்யாதிருக்க அவர்தம் குடும்பம் பிணையாயிற்று. அவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த சாமுராய் வீரர்களுக்கும் காற்றோட்டமும் நல்ல மண்ணும் உடைய மேட்டு நிலம் வழங்கப்பட்டது. அவர்களுக்கு உணவும் உடையும் ஆயுதமும் செய்து தர வரவழைக்கப்பட்ட கைவினைஞரும் வணிகரும் பள்ளத்தில் குடியேற்றப்பட்டனர்.

இப்பங்கீட்டின் அளவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது எனக் கணக்கிடுவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சாதாரண நகரமாந்தர். நகரின் நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு சாமுராய் வகுப்பாரிடமும், பதினைந்து பங்கு கோயில்களிடமும் இருந்தன. நகரமாந்தர் ஐந்து லட்சம் பேருக்கும் எஞ்சியது பதினைந்து பங்கே. ஆகவே, மேட்டில் நீண்ட மதில்களும் தோட்டங்களும் அமைதியும் நிலவ, பள்ளத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நின்றது. நாகாயா என்னும் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்குரிய இடம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமுமே. கிணறு பொது, கழிவிடம் பொது, ஒரு வீட்டாரின் பேச்சு அடுத்த வீட்டாருக்கும் பொது.

அந்நெருக்கடியிலும் பள்ளத்து மக்கள் சோர்ந்து கிடக்கவில்லை. கான்டாவில் இன்றும் கோன்யாச்சோ, காஜிச்சோ என்னும் தெருப்பெயர்கள் உள்ளன. முன்னது சாயத்தொழிலாளர் தெரு, பின்னது கொல்லர் தெரு. நிஹோன்பாஷி என்னும் பாலத்திலிருந்தே நாட்டின் ஐந்து பெருவழிகளும் புறப்பட்டன. அப்பாலத்தருகே மீன் சந்தை கூடியது. மித்சுயி குடும்பத்தார் 1673-இல் தொடங்கிய எச்சிகோயா என்னும் துணிக்கடை அங்கேதான் வளர்ந்தது. பேரம் பேசாமல், கடன் தராமல், எல்லாருக்கும் ஒரே விலை என்று விற்றது அக்கடையின் புதுமை. சாமுராய்க்கும் சாயக்காரனுக்கும் விலை ஒன்றே என்னும் நியாயம் பள்ளத்திலே பிறந்தது என்பது கருதத்தக்கது.

ஆனால் மரத்தாலும் தாளாலும் கட்டிய வீடுகள் நெருங்கி நின்றால், தீக்கு அது விருந்தாகும். 1657-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், வறண்ட காற்று வீசிய நாட்களில், எடோவில் பெருந்தீ மூண்டது. நகரின் பெரும்பகுதி வெந்தது. மாண்டோர் தொகை ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பர். அத்தீ மேட்டையும் விடவில்லை; சிற்றரசர் மாளிகைகளும் கோட்டையின் நடுக்கோபுரமும் அதில் எரிந்தன. கோபுரத்தை மீண்டும் எழுப்புவதா என்ற ஆராய்ச்சி எழுந்தபோது, ஷோகனின் உறவினரும் அமைச்சருமான ஹோஷினா மசாயுகி, நகரை மீட்பதே முதற்கடமை என்று கூறித் தடுத்தார் என்பது வரலாறு. இன்று அரண்மனையின் கிழக்குத் தோட்டத்திற்குச் செல்பவர், கோபுரமின்றி நிற்கும் கற்பீடத்தைக் காணலாம். அவ்வெறுமை ஒரு நல்ல முடிவின் சின்னம்.

அத்தீயில் இறந்தவர்களுள் பலரை இன்னாரென அடையாளம் காண இயலவில்லை. அவர்களை ஆற்றின் கீழ்க்கரையில் ஒன்றாகப் புதைத்து, அங்கே எக்கோயின் என்னும் கோயில் கட்டினர். தப்பியோட வழியில்லாமல் ஆற்றங்கரையில் மக்கள் மடிந்ததால், ரியோகோகு பாலம் கட்டப்பட்டது. தீ தாண்டாதபடி அகன்ற தெருக்கள் விடப்பட்டன. நகர் நடுவிலிருந்த கோயில்கள் பல யானாகா முதலிய புறப்பகுதிகளுக்குச் சென்றன. 1720-இல் நகரமாந்தரே தீயணைக்கும் குழுக்களாக அமைக்கப்பட்டனர். நீர் இறைத்து அணைப்பதைவிட, காற்று செல்லும் திசையிலுள்ள வீடுகளைக் கொக்கியிட்டு இடித்துத் தீக்கு இரையில்லாமல் செய்வதே அவர்கள் தொழில். தன் பேட்டையைக் காக்கத் தன் வீட்டையே இடிக்கக் கொடுத்தவன் கீழ்ப்பட்டணத்தான்.

எடோவின் கலைகள் பெரும்பாலும் இத்தாழ்நிலத்திலேயே வளர்ந்தன. உலகம் போற்றும் ஓவியர் ஹொக்குசாய் 1760-இல் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஹோன்ஜோவில் பிறந்தவர். கோயில் திருப்பணிக்குப் பொருள் திரட்ட நடத்தப்பட்ட சுமோ மற்போர், எக்கோயின் வளாகத்தில் நிலைபெற்றது. இன்றும் அதன் பெரிய அரங்கம் ரியோகோகுவில்தான் உள்ளது. கபுக்கி நாடகம் மக்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கிறதெனக் கருதிய அரசு, 1842 முதல் நாடகசாலைகளை நகர்நடுவிலிருந்து அசாகுசாவின் ஓரத்துக்குத் துரத்தியது. அதனால் அசாகுசாவில் கோயிலும் கூத்தும் ஒன்று சேர்ந்தன.

அசாகுசாவைக் காணச் செல்லும் இந்தியர் அங்கே அந்நியராக உணரமாட்டார். 628-ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த சகோதரர் இருவரின் வலையில் சிறு படிமம் ஒன்று சிக்கியதாக ஐதிகம். அக்கன்னோன் தெய்வம் நம் நாட்டில் தோன்றிய அவலோகிதேசுவரரே. பெரிய கோயிலிலிருந்து சிறிது தூரம் ஆற்றோரமாக நடந்தால், மாத்சுச்சியாமா என்னும் சிறு மேடு வரும். அங்குள்ள கோயிலில் மக்கள் வெண்முள்ளங்கி படைத்து வழிபடுகின்றனர். திரைக்குப்பின் மறைவாக எழுந்தருளியிருக்கும் தெய்வம் கன்கிதேன். யானைமுகங்கொண்டு இரட்டை உருவாய்த் தழுவி நிற்கும் நம் கணபதியே அவர். சீனம், கொரியா வழியாக நெடுந்தொலைவு சென்ற நம் தெய்வங்கள் கீழ்ப்பட்டணத்து மக்களின் அன்றாட வாழ்வில் இடம் பெற்றுவிட்டன.

பள்ளத்துக்கும் கீழே ஒரு பள்ளம் இருந்ததையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அசாகுசாவுக்கு வடக்கே தோல் வேலை செய்வோர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். தான்சாயேமோன் என்னும் பட்டப்பெயருடைய தலைவரின்கீழ் அவர்கள் தனிச் சமூகமாக ஆளப்பட்டனர். பிறப்பினால் இழிவு கற்பித்த அவ்வழக்கத்தை அரசு 1871-இல் சட்டத்தால் நீக்கியது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மனிதர் மனம் மாறிவிடவில்லை. இதன் பொருளை இந்தியர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்து பேரரசர் மெய்ஜியின் ஆட்சி தொடங்கியது. எடோ, 'கீழைத் தலைநகர்' எனப் பொருள்படும் டோக்கியோ ஆயிற்று. சிற்றரசர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர். மேட்டிலிருந்த மாளிகைகள் வெறிச்சோடின. இந்நிலம் பள்ளத்து மக்களுக்குக் கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் படையும் புதிய செல்வரும் அதனைப் பெற்றனர். நாட்டிலேயே பெரிய சிற்றரசரான காகா நாட்டு மாயேதா குடும்பத்தின் மாளிகை இருந்த ஹோங்கோ மேட்டில், டோக்கியோ பல்கலைக்கழகம் அமைந்தது. ஷோகனின் மகள் மருமகளாக வந்தபோது 1827-இல் அம்மாளிகைக்குக் கட்டிய செந்நிற வாயில் இன்றும் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. கோட்டையின் வாயிலை ஒட்டியிருந்த மருனோஉச்சி நிலத்தை மித்சுபிஷி குழுமம் 1890-இல் அரசிடமிருந்து வாங்கி, செங்கல்லாலான அலுவலகங்களை இலண்டன் நகரத் தெருவைப்போல எழுப்பியது. அங்கே 1914-இல் டோக்கியோ மத்திய ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தாழ்நிலத்துக்கோ, நூற்பாலையும் சிமெண்டு ஆலையும் வந்தன. ஆலைகளுக்காக நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், நிலம் குலுங்கியது. வீடுதோறும் பகலுணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை அது. வண்டல் நிலம் மேட்டைவிட அதிகமாக ஆடியது; அடுத்து, பலத்த காற்றில் தீ பரவியது. டோக்கியோ, யோகோஹாமா முதலிய பகுதிகளில் மாண்டோர் ஏறத்தாழ 1,05,000 பேர். ஹோன்ஜோவில் படையினரின் உடை தயாரிக்கும் சாலை இருந்து பின் காலியான பெருந்திடலில், வண்டிகளிலும் தோளிலுமாகச் சாமான்களைச் சுமந்துகொண்டு மக்கள் அடைக்கலம் புகுந்தனர். சுழன்று வந்த தீ அத்திடலைச் சூழ்ந்தது. அங்கே மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் உயிரிழந்தனர். அந்நாட்களில் மற்றொரு கொடுமையும் நிகழ்ந்தது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கின்றனர் என்ற பொய்வதந்தி பரவி, அதனை நம்பிய கூட்டங்கள் கொரிய மக்கள் பலரைக் கொன்றன. உழைக்க வந்து தாழ்நிலத்திலேயே குடியிருந்த அவ்வேழைகளுக்கு, இயற்கைக்கு அஞ்சியது போதாதென்று அண்டை வீட்டாருக்கும் அஞ்சவேண்டி வந்தது.

நிலநடுக்கத்துக்குப்பின் நகரம் மேற்கு நோக்கிச் சாய்ந்தது. வசதியுள்ளோர் பள்ளத்தை விட்டு ரயில் பாதைகளின் வழியே பீடபூமியில் குடியேறினர். நகரைச் சுற்றிவரும் யாமானோதே ரயில் வட்டம் 1925-இல் முழுமை பெற்றது. அதன் மேற்கோரத்தில் இருந்த ஷின்ஜுகு, முன்னாளில் பயணிகள் குதிரை மாற்றித் தங்கும் சாவடியூர். சில ஆண்டுகளில் அது பெருங்கடைவீதி ஆகிவிட்டது.

இம்மாற்றத்தை முன்னறிந்தவர்போல் நடந்துகொண்ட ஒரு கடை, நம் நாட்டு வரலாற்றிலும் இடம் பெற்றது. சோமா ஐசோ, கொக்கோ என்னும் தம்பதிகள் 1901-இல் ஹோங்கோவில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நாகாமுராயா என்ற ரொட்டிக்கடையை ஏற்று நடத்தினர். 1909-இல் அதனை ஷின்ஜுகுவில் இன்றுள்ள இடத்தில் நிறுவினர். வைஸ்ராய் ஹார்டிங்மீது 1912-இல் டில்லியில் குண்டு வீசப்பட்ட நிகழ்ச்சியில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915-இல் ஜப்பான் சேர்ந்தார். பிரிட்டிஷாரின் வற்புறுத்தலால் ஜப்பானிய அரசு அவரை வெளியேற ஆணையிட்டது. அப்போது அவரைத் தம் கடையின் பின்கட்டில் மறைத்துக் காத்தவர்கள் இத்தம்பதிகளே. அவர்தம் மகள் தோஷிகோவை 1918-இல் போஸ் மணந்தார். அந்த அம்மையார் இளவயதில், 1925-இல் காலமானார். 1927-இல் கடையில் உணவகம் திறந்தபோது, போஸ் கற்பித்தவாறு இந்தியக் குழம்பும் சோறும் அங்கே பரிமாறப்பட்டன, இன்றும் பரிமாறப்படுகின்றன. பின்னாளில், மலாயாத் தமிழர் பெருந்தொகையினராய்ச் சேர்ந்த விடுதலை இயக்கத்தின் தலைமையை 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் ஒப்படைத்த பெரியார் இவரே.

நிலநடுக்கம் நிகழ்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் நிறையுமுன், தாழ்நிலம் மூன்றாம் முறை எரிந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ முந்நூறு அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. மரவீடுகள் மிக நெருங்கியிருந்த ஹோன்ஜோ, புகாகாவா, அசாகுசா ஆகிய பகுதிகளே அவ்விரவின் இலக்கு. விடிவதற்குள் நாற்பது சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு சாம்பலாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். பத்து லட்சம் பேர் வீடிழந்தனர். கொத்தோதோய் பாலத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் ஓடிய மக்கள் நடுவே எதிர்ப்பட்டு நெருங்கி, நகர இடமின்றித் தீயில் மடிந்தனர். ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேட்டுப் பகுதிகளும் எரிந்தன. பேரரசரின் அரண்மனையும் தப்பவில்லை. ஆயினும் ஓர் இரவில் இத்தனை உயிர் போனது பள்ளத்தில்தான்.

இன்று ரியோகோகுவுக்கு அருகே, யோகோஅமிச்சோ பூங்காவில், 1930-இல் கட்டப்பட்ட நினைவு மண்டபம் இருக்கிறது. 38,000 பேர் எரிந்த திடல் இதுவே. மண்டபத்தை வகுத்த சிற்பவல்லுநர் இத்தோ சூத்தா. இவர் இந்தியாவில் பயணம் செய்து நம் பௌத்தச் சிற்பங்களைக் கற்றவர். 1934-இல் இவர் சுகிஜியில் எழுப்பிய ஹோங்கான்ஜி கோயில் முழுதும் இந்தியச் சாயலுடையது. நிலநடுக்கத்தில் இறந்தோருக்கென எழுந்த மண்டபத்தில், பின்னர் போரின் தீயில் இறந்தோரின் எலும்புகளும் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 1,63,000 பேரின் எச்சங்கள் அங்கே உள்ளன. ஆண்டுதோறும் மார்ச்சு 10-ஆம் தேதியும் செப்டம்பர் முதல் தேதியும் வழிபாடு நடைபெறுகிறது. கொலையுண்ட கொரியருக்கும் 1973-இல் அப்பூங்காவில் ஒரு கல் நாட்டப்பட்டது.

போருக்குப்பின் எழுந்த புதிய டோக்கியோவிலும் பழைய பங்கீடு வேறு வடிவில் தொடர்ந்தது. 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துக்காக விரைவுச்சாலை அமைத்தபோது, நிலம் வாங்கும் தொல்லையும் காலமும் குறைய, பழைய கால்வாய்களின்மேல் தூண் நிறுத்தினர். 1911-இல் கட்டிய அழகிய நிஹோன்பாஷி கற்பாலம் 1963 முதல் அச்சாலையின் நிழலில் கிடக்கிறது. சாலையைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லும் வேலை இப்போதுதான் நடைபெறுகிறது. மேற்கே ஷின்ஜுகுவிலோ, 1965 வரை நகருக்கு நீர் வழங்கிய தூய்மைநிலையம் இருந்த இடத்தில் வானளாவிய மாடங்கள் எழுந்தன. 1991-இல் மாநகர ஆட்சி அலுவலகமே மருனோஉச்சியிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. கென்சோ தாங்கே வகுத்த அக்கட்டடம் 243 மீட்டர் உயரமுடையது. ரயில் நிலையத்தின் மறுபுறத்திலுள்ள கபுக்கிச்சோ, போருக்குப்பின் கபுக்கி அரங்கம் ஒன்று வரும் என்ற நம்பிக்கையில் பெயர் பெற்றது. அரங்கம் வரவில்லை, கேளிக்கை விடுதிகளே வந்தன. ஒரே நிலையத்தின் இரு வாயில்களில் இத்தனை வேறுபாடு!

இம்மாடங்களையும் சாலைகளையும் கட்டிய தினக்கூலிகள் எங்கே தங்கினர் எனக் கேட்கத் தோன்றும். அசாகுசாவுக்கு வடக்கே சான்யா என்னும் பகுதியில் தங்கினர். சத்திரத்தைக் குறிக்கும் 'யாதோ' என்ற சொல்லைத் தலைகீழாகப் புரட்டி, அங்குள்ள மலிவு விடுதிகளை 'தோயா' என்றனர். மனிதர் தங்கத் தகாத சத்திரம் என்பது அதன் உட்பொருள். 1966-இல் சான்யா என்ற பெயர் ஊர்ப்பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நகரைக் கட்டிய கைகள் இன்று முதுமையுற்று, அரசின் உதவித்தொகையில் அவ்விடுதிகளில் வாழ்கின்றன. அவற்றுட் சில, சிக்கனமாகப் பயணம் செய்யும் வெளிநாட்டாருக்கும் இடமளிக்கின்றன.

பழைய தெருக்களை ஒருவாறு காண விரும்புவோர் யானாகாவுக்குச் செல்லவேண்டும். உவேனோ மேட்டின் தொடர்ச்சியான அப்பகுதி, நிலநடுக்கத்திலும் போரிலும் பெரும்பாலும் தப்பியது. ஏறத்தாழ எழுபது கோயில்கள், கடைசி ஷோகனான யோஷினோபுவின் சமாதி உள்ள இடுகாடு, குறுகிய சந்துகள், வாசலில் பூந்தொட்டிகள் ஆகியவற்றை அங்கே காணலாம். சமாதிகளின் பின்னே நாட்டிய மரப்பலகைகளில் எழுதியுள்ள சித்த எழுத்துக்கள் நம் பிராமி எழுத்தின் வழிவந்தவை. ஆனால் யானாகா தானாக நிலைத்துவிடவில்லை. 1984-இல் மோரி மாயுமி முதலிய இல்லத்தரசியர் சிலர், அப்பேட்டையின் கதைகளை முதியோரிடம் கேட்டெழுதி ஒரு சிறு பத்திரிகை தொடங்கினர். 2009 வரை அதனை நடத்தினர். தம் தெருவுக்கு வரலாறு உண்டென்று அறிந்த மக்கள் அதனை எளிதில் இடிக்கவிடவில்லை. இழந்ததும் உண்டு. அருகிலுள்ள 'பூஜிமலை காணும் சரிவு' என்ற தெருவிலிருந்து மலையைக் காணும் பேறு, உயர்ந்த கட்டடமொன்றால் 2013-இல் முற்றும் மறைந்தது.

இனி, தாழ்நிலம் இன்று எவ்வாறு உள்ளது? ஆலைகள் நிலத்தடி நீரை இறைத்ததால், ஆற்றுக்கு அப்பால் மண் அமிழ்ந்தது. கோத்தோ வட்டத்தில் சில இடங்கள் நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்துவிட்டன. நீர் இறைப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பின்னரே அமிழ்வது நின்றது. கடல்மட்டத்துக்கும் கீழே உள்ள அப்பகுதிகளை இன்று கரைகளும் மதகுகளும் நீரிறைக்கும் பொறிகளும் காத்து நிற்கின்றன. 1910-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப்பின் வெட்டத் தொடங்கி 1930-இல் முடித்த அராகாவா வடிகால், ஆற்றின் பெருக்கைக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. பனாமாக் கால்வாயில் பணியாற்றி மீண்ட அவோயாமா அகிரா என்னும் பொறியியலார் இப்பணியை முன்னின்று நடத்தினார்.

இவ்வடிகாலுக்குக் கிழக்கே உள்ள எடோகாவா வட்டத்தில், நிஷி-கசாய் என்னும் இடத்தில், இன்று இந்தியர் பலர் வாழ்கின்றனர். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினித் தொழில் செய்யவந்த இளைஞர்கள், நகரின் நடுவுக்கு நேர் ரயில் உண்டு என்பதாலும், வெளிநாட்டார்க்கு வீடு கிடைப்பது எளிது என்பதாலும் அவ்விடத்தைத் தேர்ந்தனர். டோக்கியோவின் வட்டங்களுள் இந்தியர் தொகை மிகுந்தது இதுவே. அவ்வட்ட ஆட்சியினர் 2019-இல் வெள்ள அபாய வரைபடமொன்றை வெளியிட்டனர். பெருவெள்ளம் வருங்கால் எங்கே செல்வது என்று தேடுவோருக்கு, 'இங்கே இருத்தலாகாது' என்று தம் வட்டத்தின் படத்தின்மீதே அவர்கள் அச்சிட்டிருந்தனர். உண்மையை மறையாது உரைத்த அவ்வாசகம், நானூறு ஆண்டுக்கு முன் செய்த நிலப்பங்கீட்டின் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் காட்டுகிறது. புதிதாக வந்தோர்க்கு முதலில் கிடைப்பது எந்நாட்டிலும் தாழ்ந்த நிலமே.

டோக்கியோ செல்லும் நேயர்கள் ஒருநாளை இதற்கென ஒதுக்கலாம். உவேனோ ரயில் நிலையத்தில் இறங்கினால், ஒரு வாயில் மேட்டிலுள்ள பூங்காவுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் செல்கிறது; மற்றொரு வாயில் பள்ளத்திலுள்ள கடைவீதிக்குச் செல்கிறது. காலையில் மேட்டு வழியாக யானாகா வரை நடக்கலாம். நண்பகலில் சரிவில் இறங்கி, ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாக 1927-இல் ஓடத் தொடங்கிய பாதையில் அசாகுசா சேரலாம். அங்கிருந்து ஆற்றைக் கடந்து யோகோஅமிச்சோ பூங்காவை அடையலாம். மாலையில் மேற்கே சென்று ஷின்ஜுகுவின் மாடத்தில் ஏறினால், காலையிலிருந்து நடந்த நிலம் முழுதும் ஒளிவிளக்குகளாகத் தெரியும். அவ்வுயரத்திலிருந்து பார்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றாகவே தோன்றும். நடந்து பார்த்தவருக்கு மட்டுமே அவை வெவ்வேறு என்பது தெரியும்.

தீயிலும் நடுக்கத்திலும் குண்டிலும் மும்முறை அழிந்த கீழ்ப்பட்டணம், மும்முறையும் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. அதனை எழுப்பியவர் சிற்றரசரோ பெருவணிகரோ அல்லர். வேறு போக்கிடம் இல்லாத சாயக்காரரும் கொல்லரும் மீன் விற்போரும் கூலிகளுமே. ஒரு நகரை அளக்க அதன் மாடங்களின் உயரம் போதாது. தாழ்ந்த இடத்தில் குடியிருப்போரின் உயிருக்கு அந்நகரம் எத்துணைக் காவல் அளிக்கிறது என்பதே உண்மையான அளவுகோல். கோபுரத்துக்கு முன் குடிமக்கள் என்று 1657-இல் முடிவு செய்ததும், அபாயத்தை 2019-இல் ஒளிக்காமல் எழுதியதும் டோக்கியோவுக்குப் பெருமை தருவன. இடையில் நிகழ்ந்தவற்றுட் பல அந்நகருக்குப் பாடமாவன. பெருநகரங்கள் நாள்தோறும் பெருகிவரும் நம் நாட்டிற்கும் அப்பாடம் பொருந்தும்.